குளத்துக்குள் நின்ற கேப்டன்

வெள்ளரிக்குளத்தில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் அடிக்கணக்குச் சொல்லமாட்டார்கள். துரைக்கு முட்டளவு என்பார்கள், துரைக்கு இடுப்பளவு என்பார்கள், நல்ல மழை பெய்த வருஷத்தில் துரைக்கு நெஞ்சளவு என்று சொல்லி வாயெல்லாம் பல்லாக நிற்பார்கள். முட்டளவு என்றால் உளுந்து போடலாம், இடுப்பளவு என்றால் ஒரு போகம் நெல்லுக்குப் பழுதில்லை, நெஞ்சளவு என்றால் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம். குளத்து நடுவில், கிழக்கே பார்த்து, காலில் காப்புக் கட்டி, மட்டையை ஊன்றிக்கொண்டு நின்ற அந்தத் துரையின் பெயர் அம்புரோஸ் வெதர்லி. தன் நாட்டுக் கிரிக்கெட் அணிக்கே ஒரு காலத்தில் கேப்டனாக இருந்தவர். விக்டோரியா ராணி தலை போட்ட காசு புழங்கிய நாளில், ஒரு பங்குனி மாதம், ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போகலாம் என்று வந்தார், தலைமுறைகள் தாண்டியும் அவுட்டாகவில்லை.

ஆட்டம் நடந்தது வற்றிய குளத்துக்குள். கரிசல் காட்டில் அவ்வளவு சமமான தரை வேறெங்கே இருக்கிறது? பஞ்சு வாங்க வந்த துரைமார் ஒரு பக்கம், ஜமீன் திரட்டிவிட்ட உள்ளூர் ஆட்கள் பதினொரு பேர் ஒரு பக்கம். அம்பயராக நிற்க இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆள் வேண்டும் என்றதும் ஊர் ஒரே வாயாக நீர்பாய்ச்சியைக் காட்டியது. குளத்துத் தண்ணீரை வயல் வயலாக முறைவைத்துப் பிரித்துவிடுகிறவன் நீர்பாய்ச்சி. அவன் ஒரு சொல் சொன்னால் அண்ணன் தம்பி அரிவாளைக் கீழே போட்டுவிடுவார்கள். ஆனால் அவனுக்கு ஒரு முறை உண்டு. பக்கத்து வயல்காரன் மடையைத் திறந்து திருடுவதைக் கண்ணால் பார்த்தாலும் அவனாக வாயைத் திறக்கமாட்டான். வயல்காரன் வந்து கேட்க வேண்டும், கேட்டால்தான் தீர்ப்பு. கேட்காத வழக்குக்குத் தீர்ப்புச் சொன்னவன் வீட்டு அடுப்பில் பாம்பு அடையும் என்று அங்கே ஒரு நம்பிக்கை. கிரிக்கெட்டிலும் அதுதான் சட்டம், பந்து போட்ட பக்கத்தார் கேட்டால்தான் அம்பயர் விரலைத் தூக்கலாம் என்று ஒரு துரை நெடுநேரம் விளக்கியபோது, "இதுக்கா இம்புட்டுப் பேசினீக, இது எங்க ஊர் வழக்கம்லா" என்றானாம் நீர்பாய்ச்சி.

அம்புரோஸ் துரை மட்டையோடு இறங்கினார். ஜமீனே எழுந்து நின்று கைதட்டினார். வண்டிக்காரக் கொம்பையா போட்ட முதல் பந்து தரையில் கிடந்த ஒரு நத்தை ஓட்டில் பட்டு விலகி, மட்டையின் ஓரத்தை டிக்கென்று தொட்டு, பின்னால் குனிந்து நின்ற பலவேசத்தின் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தச் சத்தத்துக்குக் கரையில் கட்டியிருந்த மாடுகள்கூடத் தலை திருப்பின என்பார்கள். அவுட் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் வந்திருப்பது வெள்ளைக்காரத் துரை, அதிலும் ஜமீன் விருந்தாளி, வந்து முழுசாக மூச்சு விடவில்லை. அவர் முகத்துக்கு நேரே "அவுட்தானே" என்று கத்துவதற்கு எவனுக்கு நாக்கு எழும்பும்? பாதி பயம், பாதி மரியாதை. எது எங்கே முடிந்து எது எங்கே ஆரம்பித்தது என்று அவர்களுக்கே தெரியாது. பெரிய மனுஷன், தானே போய்விடுவார் என்று கொம்பையா அடுத்த பந்தைப் போடாமல் காத்திருந்தான். யாரும் கேட்கவில்லையே, நான் ஏன் போக வேண்டும் என்று துரை காத்திருந்தார். கேட்டால் சொல்லலாம் என்று நீர்பாய்ச்சி காத்திருந்தான். பொழுது மேற்கே சாய்ந்தது, மாடுகள் கத்தின, ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். சரி, நாமும் கிளம்புவோம் என்று துரை காலைத் தூக்கினார், கால் வரவில்லை.

அவர் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. பஞ்சாலை வைத்திருந்த குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை அவர். இருபத்து நாலு வயதில் தென்கடல் கடந்து ஆடப் போன அணியில் ஒருவராகக் கப்பலேறினார். நடுக்கடலில் கேப்டனுக்கு விஷக்காய்ச்சல் வந்து படுக்க, இவரைப் பிடித்துக் கேப்டனாக்கினார்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தார். பத்திரிகைகளில் மீசையோடு படம் வந்தது, அந்த மீசையைப் பார்த்துத்தான் லிடியா என்கிற பெண் அவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். இரண்டாவது ஆட்டத்தில் இதே மாதிரி ஒரு பந்து, இதே மாதிரி ஓரத்தில் உரசிப் பிடிபட்டது. எதிர்ப்பக்கம் யாருக்கும் சத்தம் விழவில்லை, அவுட்டா என்று யாரும் கேட்கவுமில்லை. கனவானாகப் பிறந்த தோஷம், இவரே மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். கொஞ்ச ஓட்டத்தில் தோற்றார்கள். திரும்பி வந்த கப்பலில் அவர் சாப்பிட உட்கார்ந்த மேஜையில் வேறொருவரும் வந்து உட்காரவில்லை. அதன் பிறகு அவரை யாரும் ஆடக் கூப்பிடவுமில்லை. வெறும் வாயை மென்று எத்தனை நாள் ஓட்டுவது? மாமனார் பஞ்சு வாங்கிவா என்று கரிசல் பக்கம் அனுப்பிவைத்தார். எதிர்ப்பக்கம் கேட்காமல் இனி ஒருக்காலும் போகமாட்டேன் என்று கப்பலிலேயே சபதம் எடுத்திருந்த மனுஷன், அந்தச் சபதத்தை வெள்ளரிக்குளத்தில் வந்து நிறைவேற்றினார்.

துரைமார் டாக்டரைக் கூட்டிவந்தார்கள், பாதிரியாரைக் கூட்டிவந்தார்கள், கடைசியில் காளைகளைக் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். கயிறு அறுந்தது, துரை அசையவில்லை. லிடியா கப்பலேறி வந்து கரையில் குடை பிடித்து நின்று ஒரு பகல் முழுக்க அழுதாள், "நீங்கள் எப்போதும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவருக்குப் பசி இல்லை, நரை இல்லை, சாவும் இல்லை. கால் வலி மட்டும் மிச்சமிருந்தது. மழை பெய்தது, குளம் நிறைந்தது, கெண்டை மீன்கள் அவர் கால்காப்புக்குள் குஞ்சு பொரித்தன, மட்டைப் பிடியில் மீன்கொத்தி உட்கார்ந்து பழகியது. துணி வெளுக்க வந்தவர்களும் வாத்து மேய்க்க வந்தவர்களும் பேசப் பேச அவருக்குத் தமிழ் வந்தது, வந்த தமிழ் இங்கிலீஷை நாக்கிலிருந்து மெல்லத் தள்ளிவிட்டது. சுதந்திரம் வாங்குவதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால், வெள்ளையனே வெளியேறு என்று கோஷம் போட்டபடி கரைமேல் வந்த இளவட்டங்கள் அவரைப் பார்த்ததும் கூச்சப்பட்டு, "உங்களச் சொல்லல துரை" என்றார்கள். "சொன்னாத்தான் என்னடே" என்றார் அவர்.

ஊரோ அவரைச் சுற்றி ஒரு ஒழுங்கைக் கட்டிக்கொண்டது. அன்றைக்கு ஆடியவர்கள் செத்தார்கள், ஆனால் ஆட்டம் முடியவில்லை அல்லவா, அதனால் நின்ற இடம் பிள்ளைகளுக்கு வந்தது, பேரன்களுக்கு வந்தது. கொம்பையா வகையறா போலர் வீடு, பலவேசம் வகையறா கீப்பர் வீடு, கீப்பர் பக்கத்தில் நின்றவன் வகையறா சிலிப்பு வீடு, எல்லைக்கோட்டில் நின்றவனின் சந்ததி லாங்கான் வீடு. அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை போலர் வீட்டுக்கு, அடுத்தது கீப்பர் வீட்டுக்கு, அப்படியே வரிசையாக. லாங்கான் வீட்டுக்குத் திருநீறு போய்ச் சேருவதற்குள் தட்டு காலியாகிவிடும், அதனால் அவர்களுக்குச் சிலிப்பு வீட்டோடு கொள்வினை கொடுப்பினை கிடையாது. நீர்பாய்ச்சி வீட்டு ஆண்மகன் காலையிலும் மாலையிலும் குளத்துக்குள் போய்த் தன் இடத்தில் நின்று, யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு வருவான். தண்ணீர் நிறைந்துவிட்டால் வாழைத்தண்டுத் தெப்பத்தில் போவான். இப்போது அந்த முறை ஆவுடையப்பனிடம் இருந்தது. நல்ல மனுஷன், ஆனால் பேச்சுக்குப் பஞ்சம்.

ஒரே ஒரு பெருமழைக் காலத்தில் மட்டும் குளம் துரையின் தலைக்கு மேல் போயிற்று. ஊருக்கு அதில் பெரிய கவலை ஒன்றும் இல்லை, அவர்தான் சாகமாட்டாரே. பங்குனியில் தண்ணீர் வடிந்து தலை வெளியே தெரிந்தபோது, என்ன துரை, சௌக்கியமா என்று கேட்டார்கள். அவரோ கண் திறந்தபடி, மூச்சுத் திணறியபடி, திணறல் சாவாக முடியாதபடி, ஒரு மனுஷக் குரல் காதில் விழாதபடி, கலங்கல் தண்ணீருக்குள் அத்தனை மாதம் நின்றிருந்தார். அதை யாரிடமும் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசி மேகத்துக்கும் அவர் மட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கலிங்கை உயர்த்தச் சர்க்கார் உத்தரவு வந்தது. நிறைந்த குளத்தின் உபரித் தண்ணீர் வழிந்து போகிற கல்வரிசைதான் கலிங்கு. அதை ஆள் உயரம் கட்டிவிட்டால் இரண்டு போகம் விளையும், சுற்றுப்பட்டி ஊர்களுக்கும் குடிக்கத் தண்ணீர். தலைமுறையாக மனுப்போட்டு நடையாய் நடந்து வாங்கிய வரம். சிமிண்டும் கம்பியும் வந்து இறங்குவதைத் துரை குளத்துக்குள் நின்று பார்த்தார். இனி ஒவ்வொரு வருஷமும் பாதி வருஷம் அவர் தண்ணீருக்குள்தான்.

அவர் ஊரைக் கூப்பிட்டார். குளம் வற்றியிருந்ததால் எல்லோரும் அவரைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

"கலிங்க நிறுத்தச் சொல்லல. பயிரு விளையட்டும், நல்லா இருங்க. ஆனா நான் அவுட்டுடே. அன்னைக்கே அவுட்டு. மட்டையில பட்டுச்சு. யாராவது ஒருத்தன் கேளுங்க, நான் போயிருதேன்."

போலர் வீட்டுச் சங்கரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கேக்குறதுல ஒண்ணுமில்ல துரை. ஆனா முறைனு ஒண்ணு இருக்குல்லா. முதல் மரியாதை எங்க வீட்டுக்கு. நாங்கதான் முதல்ல கேக்கணும். ஆனா பிடிச்சது கீப்பர் வீடு. அவுகளுக்கு முன்னால நாங்க கேட்டா, பிடிச்ச பெருமையையும் பிடுங்கிட்டான்னு நாளைக்குப் பேச்சு வரும்."

"கீப்பர் வீட்டுல ஆம்பளயே இல்லயே" என்றார் சிலிப்பு வீட்டு அரியநாயகம். "அந்த உரிமை பக்கத்துல நின்ன எங்களுக்குத்தான் வரணும்."

"வந்துச்சு பாரு! திருநீறும் உங்களுக்கே வரணுமோ?" என்று லாங்கான் வீட்டிலிருந்து ஒருவன் எழுந்தான்.

அவ்வளவுதான், சண்டை பிடித்துக்கொண்டது. யார் யார் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கு முதல் பந்தி கிடைக்கவில்லை என்பதுவரை போயிற்று. கடைசியில் கொடை முடியட்டும், ஆற அமர உட்கார்ந்து பேசலாம் என்று கலைந்தார்கள். போகும்போது சங்கரபாண்டி மட்டும் நின்று, "ஆட்டம் முடிஞ்சிட்டா நான் யாரு துரை? வெறும் வண்டிக்காரன் பேரன்" என்று தணிந்த குரலில் சொன்னார். துரைக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கேப்டனாக இருந்தவன் என்கிற ஒன்றை வைத்துக்கொண்டு அவரும்தான் எத்தனை விருந்துகளில் சாப்பிட்டிருப்பார்.

கீப்பர் வீட்டில் ஒரு பெண்பிள்ளையோடு மிச்சமிருந்தவள் முத்துப்பேச்சி. பலவேசத்தின் வம்சத்தில் வந்த அவள் புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய், முதலில் கடிதத்தை நிறுத்தி, பிறகு வருவதையும் நிறுத்திவிட்டான். அவள் தீப்பெட்டி ஆபீசில் குச்சிகளைக் கட்டையில் அடுக்கிவிட்டு, சாயங்காலம் குளத்துப் பக்கம் வந்து கைகால் கழுவிக்கொண்டு, துரைக்கு எதிரே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவாள். பாதி நாள் இரண்டு பேரும் பேசுவதில்லை. களைத்தவர்களுக்குள் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கிறது? ஆனால் ஐப்பசி பிறந்து, குளத்துக்குள் முதல் தண்ணீர் வந்து அவர் கணுக்காலைச் சுற்றியபோது, துரை அவளிடம் அந்தப் பெருமழைக் காலத்தைச் சொன்னார். யாரிடமும் சொல்லத் தெரியாமல் இருந்ததெல்லாம் அவளிடம் தடுமாறித் தடுமாறி வந்தது.

"உள்ள நிக்கும்போது எது பெரிய கஷ்டம் தெரியுமா தாயி? மேல நீங்க குளிக்கிறது தெரியும், கால் தெரியும். யாரு காலுன்னு தெரியாது. கூப்பிட்டா சத்தம் வராது."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பிறகு, "எங்கிட்ட இதச் சொல்லாதீக துரை" என்றாள். "நீர்பாய்ச்சி மாமாகிட்ட நான் கேட்டா என்னைய ஒதுக்கி வச்சிருவாக. பொம்பள சபையில வாயத் திறந்துட்டானு சொல்லுவாக. எம்பொண்ணுக்குச் சம்பந்தம் பேச ஒரு வாசல்ல இருந்தும் ஆள் வராது. நானும் நிக்கத்தான் துரை செய்யுதேன், விடிஞ்சா அடைஞ்சா. எனக்கும் காலு வலிக்கு."

"சரி தாயி. நீ கேக்காத" என்றார் துரை. அவர் ஒப்புக்குச் சொல்லவில்லை. தன் ஒருவன் கால் வலிக்காக இன்னொருத்தி வீட்டு வாசல் அடைபட வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது, தோன்றியதும் மனசு கொஞ்சம் லேசானது.

கார்த்திகையில் அடைமழை பிடித்தது. வானம் ஓட்டைப் பானையாக ஒழுகியது, ஓடையெல்லாம் செம்மண்ணும் கரிசலும் கலந்து புரண்டு வந்தது, புதுக் கலிங்கு ஒரு சொட்டு வெளியே விடாமல் நிமிர்ந்து நின்றது. ஊரே கரையில் கூடியது. பெண்கள் குலவை போட்டார்கள், கொட்டுக்காரர்கள் தோலைக் காய்ச்சி வந்து அடித்தார்கள், ஒரு கிழவர் சந்தோஷம் தாங்காமல் வேட்டியோடு தண்ணீரில் விழுந்து கும்பிட்டார். "துரைக்கு நெஞ்சளவு!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் கைதட்டினார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "கழுத்தளவு!" என்று கத்தினான், அதற்கும் கைதட்டினார்கள். ஆவுடையப்பன் தன் தெப்பத்தில் நனைந்துகொண்டு நின்றார். துரை முகத்தை வானத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு, கேட்கிற வரைக்கும் கேட்டுக்கொள்வோம் என்று ஒவ்வொரு குரலாகக் காதில் வாங்கினார்: குலவை, கொட்டு, யாரோ ஒரு குழந்தை மிட்டாய்க்கு அழுவது.

வேலை விட்டு வந்த முத்துப்பேச்சி கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். துரை அவளைப் பார்த்தார், பார்த்ததும் அவசரமாக வேறு பக்கம் கண்ணைத் திருப்பிக்கொண்டார். தன் பார்வை அவளை வற்புறுத்திவிடுமோ என்று அவருக்குப் பயம். தண்ணீர் தாடையைத் தொட்டது, கீழ் உதட்டைத் தொட்டது.

அவர் கண்ணைத் திருப்பியதை அவள் பார்த்துவிட்டாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தூக்குவாளியைக் கரையில் வைத்துவிட்டு, சேலையைக் கூடத் தூக்கிச் செருகாமல் தண்ணீருக்குள் இறங்கினாள். இடுப்பளவு வரை போய், ஆவுடையப்பனைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"நீர்பாய்ச்சி மாமா! கீப்பர் வீட்டுல இருந்து கேக்குதேன். துரை அவுட்டா, இல்லையா? சொல்லுங்க!"

கொட்டு நின்றது. "ஏத்தா, யாரக் கேட்டு நீ கேக்க?" என்று சங்கரபாண்டி கரையிலிருந்து பாய்ந்தார். "இது செல்லாது! பொம்பள கேட்டா செல்லாது!"

ஆவுடையப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். மனுஷன் வாயிலிருந்து அவ்வளவு நீளமான பேச்சை ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. "போன வருசம் உம்ம தங்கச்சி வயலு காஞ்சப்ப வந்து கேட்டாகளே, தண்ணி விட்டனா இல்லயா? வயலு யாருதோ அவுக கேக்கலாம். பிடிச்ச கை கீப்பர் வீட்டுக் கை." அதற்குப் பிறகு துரையைப் பார்த்தார். தகப்பனும் பாட்டனும் பூட்டனும் தூக்காமல் செத்த விரலை, மழைக்குள், மெதுவாக மேலே தூக்கினார்.

துரையின் கால் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர் மூக்குக்கு மேல் போகுமுன் ஆவுடையப்பன் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் கையைப் பற்ற, அதைப் பிடித்தபடி அவர் கரையைப் பார்த்து நடந்தார். நடக்க நடக்க வயது வந்து சேர்ந்தது. கழுத்தளவில் மீசை நரைத்தது, இடுப்பளவில் முதுகு வளைந்தது, முட்டளவில் பல் உதிர்ந்தது, கரையேறும்போது முத்துப்பேச்சி தாங்கிப் பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். கூட்டம் விலகி வழி விட்டது. இனித் தண்ணீர் எம்புட்டுன்னு எதை வைத்துச் சொல்வது என்று பின்னால் யாரோ கவலையாகக் கேட்டார்கள். சங்கரபாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முத்துப்பேச்சியின் பக்கத்தில் நின்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகத் தள்ளி நின்றுகொண்டார்கள், அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் துரையைப் புல்லில் சாய்த்துப் படுக்கவைத்தாள்.

"எல்லாருக்கும் தெரியும்லா தாயி, மட்டையில பட்டது" என்றார் அவர். குரல் காற்றாக வந்தது. "பின்ன ஏன் இத்தன காலம் ஒருத்தரும் கேக்கல?"

"உங்களுக்கும்தான் தெரியும்" என்றாள் அவள். "நீங்க ஏன் துரை போகல?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஒரு கப்பல், ஒரு மேஜை, எதிரே காலியாகக் கிடந்த நாற்காலிகள். எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டுமென்றால் தெம்பு வேண்டும். "காலு வலிக்கு தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் கால்காப்பின் வாரை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். ஊறி வெளுத்துப்போன அந்தப் பாதங்களை மடியில் எடுத்து வைத்து, தீப்பெட்டிக் கட்டை அடுக்கிக் காய்த்த கையால் பிடித்துவிட்டாள். மூச்சு நின்றது தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.